புதுச்சேரியில் ஒரு காலியிடம்

வேறு மாநிலத்துக்கு வேலை தேடிப் போகிறேன் என்று சொன்னபோது கோவில்பட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். பாண்டிச்சேரி ஒரு வேறு மாநிலமா, அங்கேயும் தமிழ்தானே, சாம்பார்தானே என்றார்கள். துபாய்க்குப் போனவன் சொல்ல வேண்டிய வார்த்தையைப் பக்கத்துக் கடற்கரைக்குப் போகிறவன் சொல்லலாமா என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும், திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டுவைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். பதினெட்டு வருடம் நான் எலக்ட்ரீஷியனாக இருந்த நூற்பு மில்லை மூடிவிட்டார்கள். மில்லில் எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றித் தந்த ஒருவர், புதுச்சேரியில் சலீம் பாய் என்கிற எலக்ட்ரிகல் காண்ட்ராக்டருக்கு உடனே ஆள் வேண்டுமாம் என்று நம்பர் கொடுத்தார். நான்கு நாள் வந்து வேலை செய்து பாருங்கள், உங்களுக்கும் பிடித்து எனக்கும் பிடித்தால் குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்றார் பாய். மகள் எட்டாவது முடிக்கிறாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடிவு செய்தாக வேண்டும். நாற்பத்தொரு வயதில் நான்கு நாள் பரீட்சை.

திங்கட்கிழமை காலை புதுச்சேரியில் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது மின்கம்பத்தை. அதற்கு நான் பொறுப்பல்ல, தொழில் அப்படி. கம்பத்துப் பெட்டி துருப்பிடித்து அடியில் இற்றுப்போயிருந்தது. எங்கள் ஊர் வறண்ட ஊர். பத்து வருடம் கழித்து ஒரு சுவிட்ச் பெட்டியைத் திறந்தாலும் செப்புக்கம்பி வாங்கின அன்று இருந்த மாதிரியே இருக்கும். இங்கே கடல்காற்று செம்பைச் சும்மா விடாது. டீக்கடைச் சுவரில் தொங்கிய ஒரு பிளக்கின் காலில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்ததைப் பார்த்தேன். அங்கே டீ குடிக்காமல் அடுத்த கடைக்கு நடந்தேன்.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி எலக்ட்ரீஷியன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மில்லில் எனக்கு மூணு தடவை முருகேசன் என்று பெயர். எந்த வயரைத் தொடும் முன்பும் டெஸ்டரை மூன்று தடவை வைத்து, அதன் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். அங்கே கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் எந்தப் பலகையையும் திறக்க மாட்டோம். வேறு யாரும் கரண்டைத் திரும்ப விட முடியாதபடி ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏறுவோம். வீட்டு வயரிங்கில் சீட்டும் கிடையாது, கேட்பாரும் கிடையாது. அதனால்தான் இத்தனை வருடம் மில்லைவிட்டு நகராமல் இருந்தேன்.

சலீம் பாயின் குடும்பம் இந்த ஊரில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிறதாம். தாத்தா பித்தளை விளக்கு விற்றார், அப்பா மண்ணெண்ணெய் அடுப்பு விற்றார், இவர் வயரும் சுவிட்சும் விற்கிறார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டையின் பையில் ஒரு டெஸ்டரைப் பேனா மாதிரி செருகியிருந்தார்.

"வாங்க முருகேசன், பஸ்ல தூங்குனீங்களா? மொதல்ல சாப்புடுங்க, வேலை எங்கயும் ஓடிடாது" என்று கடைக்கு எதிரே கூட்டிப்போய் இடியாப்பமும் பாயாவும் வாங்கிக் கொடுத்தார். கோவில்பட்டியில் காலை ஏழு மணிக்கு ஆட்டுக்கால் சாப்பிட்டால் இன்றைக்கு என்ன தீபாவளியா என்று கேட்பார்கள். நன்றாகவே இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்.

"ஏன் பாய், இந்த ஊருல ஆளே இல்லாமலா என்னைக் கூப்டீங்க?"

"ஆளு இருக்கான். எல்லாவனும் ஏசி மாட்டப் போயிட்டான், இல்லன்னா சோலார் மாட்டப் போயிட்டான். பழைய வீட்டு வயரிங்குன்னா ஓடுறான்."

"எனக்கு முன்னாடி யாரு பாத்தா?"

பாய் எலும்பை ஓரமாக வைத்தார். "ஒருத்தர் இருந்தாரு. ஊருக்குப் போயிட்டாரு."

தங்குவதற்கு உழவர்கரையில் பாயின் குடோனுக்கு மேலே ஓர் அறை. கதவைத் திறந்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஆணியில் ஒரு பேன்ட், ஜன்னல் ஓரத்தில் பாதி தேய்ந்த சோப்பு, சுவரில் வட்டக் கண்களோடு பூரி ஜெகந்நாதர் படம். அதற்குக் கீழே புரியாத எழுத்தில் ஒரு காலண்டர். ஊருக்குப் போகிற மனிதன் சாமியை விட்டுவிட்டா போவான்? செருப்பு வேறு வாசலிலேயே கிடந்தது. மனைவி செல்விக்குப் போன் செய்து அறை நன்றாக இருக்கிறது, காற்றோட்டம் இருக்கிறது என்றேன்.

செவ்வாய்க்கிழமை வேலை ஆரம்பம். நகரத்தின் பழைய பகுதியில், இரண்டு மொழியில் பெயர் எழுதிய நீலப் பலகை உள்ள ஒரு தெருவில், மஞ்சள் சுவரும் உயரமான கதவுமாக ஒரு வீடு. வீட்டுக்காரம்மாவை எல்லோரும் மதாம் என்றே கூப்பிடுகிறார்கள். நம்மூர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம்தான். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர், இப்போது உயிரோடு இல்லை. வீட்டை மதாம் விருந்தினர் விடுதியாக மாற்ற நினைக்கிறார். இந்த ஊரில் எலக்ட்ரீஷியனுக்கு வேலை இருப்பதே இதனால்தான் என்று பாய் சொன்னார். ஒவ்வொரு பழைய வீடாக விடுதியாகிறது, ஒவ்வொரு அறைக்கும் ஏசியும் வெந்நீரும் வேண்டியிருக்கிறது, ஐம்பது வருடத்து வயர் அதைத் தாங்காது.

"போன்ழூர்! கோவில்பட்டியா? கடலை மிட்டாய் கொண்டாந்தீங்களா?" என்று மதாம் கேட்டார். நல்லவேளை, கொண்டு வந்திருந்தேன். "மெர்சி, மெர்சி" என்று வாங்கி அங்கேயே ஒன்றைக் கடித்தார்.

அந்த வீட்டில் ஒரு விசித்திரம். நடு ஹாலின் குறுக்கே ஒரு சுவர். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது எழுப்பியதாம். மேலே கூரையின் நடுவில் சுண்ணாம்பில் செய்த ஒரு பெரிய பூ இருந்தது. பாதிப் பூ இந்தப் பக்கம், மீதி சுவருக்கு அப்பால். அந்தப் பாதி மதாமின் கணவருடைய அண்ணனுக்குச் சொந்தம். அவர் பிரான்சில் இருக்கிறார், வருடத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் பூட்டுதான். தெரு வராந்தாவில் இரண்டு பாகத்துக்கும் தனித்தனியாக இரண்டு கரண்ட் மீட்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

நடு ஹாலின் வாசலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டிருந்தார்கள். பக்கத்தில் மாதா படம், அதன் முன் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

"அந்த ஹாலைக் கடைசியா பாத்துக்கலாம். நீங்க முன் ரூமுங்கள முடிங்க" என்றார் பாய். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

முன் அறைகளில் சுவரெல்லாம் ஈரம். ஒரு சுவிட்சுப் பலகையைக் கழற்றினால் பின்னால் கரையானும் உப்பும் சேர்ந்து அடையாக இருந்தது. சுவரையே டெஸ்டரால் தொட்டுப் பார்த்தேன். லேசாக எரிந்தது. சுவரிலேயே கரண்ட் ஓடுகிற ஊரில் எப்படிப் பிழைப்பது? மெயினை அணைத்து, ஃபியூஸைப் பையில் போட்டு, மூன்று தடவை பார்த்து, அப்புறம்தான் கை வைத்தேன். உள்ளூர் ஆள் அரை நாளில் முடிக்கிற அறைகளுக்கு எனக்கு ஒரு முழு நாள் ஆனது. பாய் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மெதுவாக வேலை செய்கிறவனைத் திட்டாத காண்ட்ராக்டரை நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் உழவர்கரையில் ஒரு பரோட்டாக் கடையில் இரண்டு வயர்மேன்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரில் எடுத்த லைசென்ஸ் இங்கே செல்லுமா என்று கேட்டேன். செல்லும் என்றார் ஒருவர். செல்லாது, ஆபீஸில் போய்ப் புதிதாகப் பதிய வேண்டும் என்றார் மற்றவர். இருவரும் எனக்காக அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். யாரிடம் வேலை என்று கேட்டார்கள். சலீம் பாய் என்றதும் சண்டை நின்றது. "நல்ல மனுஷன்தான்" என்று சொல்லிவிட்டு ஒருவர் கைகழுவ எழுந்துபோனார். அந்த "தான்" எதற்கு என்று யோசித்துக்கொண்டே பரோட்டாவைப் பிய்த்தேன். சால்னா என்ன ருசி என்று இப்போது கேட்டால் தெரியாது.

அன்றும் செல்வியிடம் வேலை சுலபம், ஆட்கள் அன்பானவர்கள் என்றேன்.

புதன்கிழமை காலை மதாம் காபி கொண்டுவந்தார். முன் அறைகள் முடிந்தன, இனி நடு ஹால்தான் என்றேன். அவர் டம்ளரை என்னிடம் தராமல் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"தம்பி, அங்க மட்டும் பாத்து செய்ங்க. போன தடவ அந்த ஒரியாக்காரரு ஏணியிலேர்ந்து விழுந்த சத்தம் இன்னும் என் காதுலயே இருக்கு."

"விழுந்தாரா? ஊருக்குப் போயிட்டார்னு சொன்னாங்களே."

"மோன் தியு! கடவுளே, உங்களாண்ட சொல்லலியா?" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பிகாஷ் என்று பெயர். ஒன்பது நாளுக்கு முன் அந்த ஹாலில் ஃபேன் பெட்டியைக் கழற்றும்போது ஷாக் அடித்துத் தூக்கி எறிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். "மெயினை ஆஃப் பண்ணாம ஏறிட்டாருன்னு பாய் சொல்றாரு. எனக்குத் தெரியல தம்பி. அவரு வராந்தாவுக்குப் போய்ட்டு வந்தத நான் பாத்தேன்."

ஆக, நான் வேலை செய்வது அந்த மனிதர் விழுந்த வீட்டில். இரண்டு ராத்திரியாகத் தூங்கியது அவர் படுத்த கோரைப்பாயில். எனக்குக் கிடைத்த காலியிடம் இப்படித்தான் காலியானது. முதலில் வந்தது கோபம் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடலாம் என்றுதான் தோன்றியது. பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டேன். விழுப்புரம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஊருக்குப் போனால் அங்கே மூடின மில்தான் இருக்கிறது. அதோடு மதாம் சொன்ன ஒரு சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. வராந்தாவுக்குப் போய்விட்டு வந்தார் என்றால் மெயினை அணைக்கத்தானே போயிருப்பார்? அப்புறம் எப்படி அடித்தது?

பெரிய ஆஸ்பத்திரி போக வேண்டும் என்று ஒரு கண்டக்டரிடம் சொன்னேன். "ஏறு, ஏறு" என்றார். ஏறினேன். கடல் ஓரமாகவே பஸ் போனது. மீன் கூடைகள், பல்கலைக்கழகப் பிள்ளைகள், சவுக்குத் தோப்பு. காலாப்பட்டில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார்கள். பதிவேட்டைப் புரட்டிய பெண் அப்படி யாரும் இங்கே இல்லை என்றார். "இந்த ஊருல பெரிய ஆஸ்பத்திரி நெறைய இருக்குதுண்ணா. நீங்க தேடுறது கோரிமேட்டுல இருக்கும். வந்த வழியே திரும்பிப் போங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே யோசித்தேன். தமிழ் பேசத் தெரிந்த எனக்கே அரை நாள் போய்விட்டது. எனக்கு ஒன்று ஆகி, செல்வி கோவில்பட்டியிலிருந்து தனியாக வந்து இறங்கினால் எந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாள்? அந்தப் படம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

பிகாஷைக் கண்டுபிடித்தபோது சாயங்காலப் பார்வை நேரம் முடியப் போகிறது. முப்பது வயதுகூட இருக்காது. வலது கை முழுக்கக் கட்டு. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். காலில் மாவுக்கட்டு. போனை இடது கையில் பிடித்து யாருடனோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விழுப்புரத்து லாரி டிரைவர், பல வருடம் ஒடிசாவில் கட்டாக் பக்கம் ஓட்டி அந்த மொழி தெரிந்தவர், எனக்கு மெல்லச் சொன்னார்.

"பொண்டாட்டியாண்ட பேசுறாரு. ஒடம்பு நல்லா இருக்குதாம், வேலை நல்லா போகுதாம், மீன் சாப்டாராம். தெனமும் இதான். அந்தம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது."

எனக்கு முகம் சுட்டது. மூன்று நாளாக நானும் இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தேன், மீன் மட்டும்தான் இல்லை.

நான் யார் என்று டிரைவர் மூலம் சொன்னேன். உங்கள் இடத்துக்கு வந்திருக்கிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஆனால் பிகாஷுக்குப் புரிந்துவிட்டது. என் சட்டைப் பையில் இருந்த டெஸ்டரைப் பார்த்தார். பிறகு தெரிந்த தமிழில் அவரே பேசினார்.

"அண்ணா. மெயின் ஆஃப். நான் ஆஃப் பண்ணேன். யாரும் நம்பல. நான் பொய் இல்ல."

சொல்லிவிட்டுக் கட்டுப் போட்ட கையால் மேலே காட்டினார். பிறகு பக்கவாட்டில், சுவரைக் காட்டுகிற மாதிரி. நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை பாயிடம் நேராகக் கேட்டேன். மறைக்கவில்லை. கடைப் படியில் உட்கார்ந்து, "சொன்னா வருவீங்களா? பயந்துட்டேன் முருகேசன். ஆஸ்பத்திரிக்கு நான்தான் பாக்குறேன். ஆனா அவன் மெயினை ஆஃப் பண்ணல, அதான் உண்மை" என்றார். வாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்று மதாம் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

மெயினை பாய் தன் கையாலேயே அணைத்தார். ஃபியூஸைக் கழற்றி நான் பையில் போட்டேன். நாற்காலியை நகர்த்தி ஹாலுக்குள் போனோம். மதாம் வாசலிலேயே ஜெபமாலையோடு நின்றார். ஏணியில் ஒவ்வொரு படியிலும் நின்று, பையில் ஃபியூஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே ஏறினேன். வெட்கமாகத்தான் இருந்தது, என்ன செய்ய. பாதிப் பூவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த மர ஃபேன் பெட்டிக்குள் டெஸ்டரை நீட்டினேன்.

எரிந்தது.

கையை இழுத்துக்கொண்டேன். மறுபடி வைத்தேன். எரிந்தது. மூன்றாவது தடவையும் எரிந்தது.

"உங்க டெஸ்டர் கோளாறா இருக்கும்" என்று பாய் தன்னுடையதை நீட்டினார். அதுவும் எரிந்தது. அவர் ஓடிப்போய் வராந்தா மெயினைப் பார்த்துவிட்டு வந்தார், அது அணைந்தே இருந்தது.

பெட்டியிலிருந்து ஒரு வயர் மட்டும் உத்தரத்தை ஒட்டிப் போய், குறுக்குச் சுவருக்குள் நுழைந்து மறைந்தது. பாகம் பிரித்தபோது சுவரை எழுப்பினார்கள், மீட்டரைப் பிரித்தார்கள். இந்த ஒரு வயரை வெட்ட மறந்துவிட்டார்கள். அது அண்ணன் வீட்டு மீட்டரோடு இன்னும் சேர்ந்தே இருக்கிறது.

"அந்தப் பக்கம்தான் பூட்டிக் கிடக்குதே" என்றார் மதாம். பூட்டின வீட்டில் கரண்ட் இருக்காது என்று அவரும் நினைத்திருந்தார், பாயும் நினைத்திருந்தார். வருடம் முழுக்கப் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கிற தெருவில் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். மதாம் பிரான்சுக்குப் போன் போட்டார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. தூக்கக் குரலில் அந்த அண்ணன் சொன்னது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"மெயின் ஆன்லதாம்மா இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரி எறங்கிடக் கூடாதுன்னு எப்பவும் ஆன்ல விட்டுட்டுத்தான் வருவோம். ஏன்?"

மதாம் போனை என்னிடம் நீட்டினார். அவரிடம் அனுமதி கேட்டு அவருடைய ஃபியூஸையும் கழற்றினேன். இப்போது டெஸ்டர் மூன்று தடவையும் எரியவில்லை. பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கட்டுப் போட்டுக் கெடக்குறவனாண்ட நின்னு, உன் தப்புதான்டான்னு சொல்லிட்டு வந்தேனே" என்று அழுதார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது. பயம் போகவில்லை. அதிகமாயிற்று. நேற்று பஸ் நிலையம் போகாமல் உள்ளூர் ஆள் மாதிரி சுறுசுறுப்பாக இந்த ஹாலுக்குள் நுழைந்திருந்தால், எனக்குப் பின்னால் வருகிறவனிடம், முருகேசன் மெயினை ஆஃப் பண்ணல என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்த வயரை வெட்டி இரண்டு முனையையும் கட்டிவிட்டு, சாயங்காலம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாய் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நடந்ததைச் சொன்னார். லாரி டிரைவர் ஒவ்வொரு வரியாக மாற்றிச் சொன்னார். பிகாஷ் தன் கைக்கட்டையே பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்படின்னா வீட்டுல சொல்லலாமான்னு கேக்குறாரு. எல்லாரும் தன் தப்புன்னு சொன்னதாலதான் இத்தினி நாளா சொல்லலியாம்" என்றார் டிரைவர்.

பாய் தலையாட்டினார். பிகாஷ் போனை எடுத்தார். மறுமுனையில் அந்தப் பெண் முதலில் சிரித்தாள். பிறகு என்ன சொன்னாள் என்று டிரைவர் எனக்கு மாற்றிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிக்கெட் எடுத்து, கைக்குழந்தையோடு அவள் வந்து சேர நான்கு நாள் ஆகும் என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் பாய் கேட்டார். "இருப்பீங்களா முருகேசன்? போறேன்னாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று தள்ளிப் போய் வேப்பமரத்தடியில் நின்று செல்விக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சோப்பு, செருப்பு, இரண்டு விரல், மூன்று தடவை எரிந்த டெஸ்டர், பொய் சொன்ன மூன்று நாள், எதையும் விடவில்லை. திரும்பி வாருங்கள் என்று சொல்வாள், கிளம்பிவிடலாம் என்று உள்ளுக்குள் ஆசையாகக்கூட இருந்தது. அவள் கேட்டது வேறு.

"இங்க வந்தா என்ன வேலை பாப்பீக?" என்றாள்.

"தெரியல."

"அங்கிட்டு இல்லைன்னா வேற ஊருல இதே வயரத்தான தொடப் போறீக."

"ஆமா."

"அந்தப் பொம்பள பாவம், நாலு நாளு கழிச்சுல்ல அழுதுக்கிட்டே வந்து சேரணும். என்னால அது முடியாது. நாங்களும் அங்கயே வந்துருதோம்" என்றாள். "ஆனா ஒண்ணு. வீடு பாக்கும்போது பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாலாம் பாக்க வேண்டாம். அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தே போற தூரத்துல பாருங்க."